கடையில் டிவியின் படத் தரத்தைக் கணிப்பது எப்படி: வாங்கும் முன் படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

ஷோரூம் சுவரில் இருபது டிவி ஒன்றாக ஓடும்போது, அதிக வெளிச்சமும் லேசான நீலமும் ஏறிய டிவியைத்தான் கண் முதலில் பிடிக்கும். அதுவே நல்ல படம் என்றும் தோன்றும். எல்லோர் கண்ணும் இப்படித்தான் வேலை செய்கிறது. தயாரிப்பாளர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால் கடைக்கு வரும் ஒவ்வொரு டிவியிலும் ‘ஸ்டோர் மோட்’ அல்லது ‘ரீடெய்ல் மோட்’ என்று ஒரு தனி நிலை இருக்கிறது. அதில் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) முழு அளவில் எரியும், நிறம் தூக்கலாக இருக்கும். மேலே விளக்கு வரிசை வேறு. ஓடும் வீடியோவும் கம்பெனியே தந்தது: கறுப்புப் பின்னணியில் தெறிக்கும் வண்ணக் குழம்பு, பனித்துளி நிற்கும் பூ, மெதுவாக நகரும் கேமரா. எந்த டிவியின் குறையும் வெளியே தெரியாதபடி தேர்ந்தெடுத்த காட்சிகள் அவை.

கடையில் அப்போது நாம் பார்ப்பது கடையின் வெளிச்சத்தையும், கடை மோடையும், கடை வீடியோவையும்தான். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக விலக்கினால்தான் டிவி தெரியும். முக்கால் மணி நேரமும் ஒரு பென் டிரைவும் இருந்தால் இதைச் செய்துவிடலாம்.

கிளம்பும் முன்

உட்காரும் இடத்திலிருந்து டிவி வரப்போகும் சுவர் வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பார்வை உள்ளவருக்கு 55 இஞ்ச் திரையில் ஃபுல் எச்டிக்கும் 4கேவுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 7 அடிக்குள்தான் தெரியும். 43 இஞ்சில் அது 5½ அடி. 10 அடி தள்ளி உட்காரும் வீட்டில் 43 இஞ்ச் 4கே டிவியின் கூடுதல் புள்ளிகளைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. அந்தப் பணத்தைப் பெரிய திரைக்கோ நல்ல பேனலுக்கோ (படத்தைக் காட்டும் திரைப் பலகை) போடுவது புத்திசாலித்தனம். திரை பார்வையை ஓரளவு நிறைக்க வேண்டுமென்றால், மூலைவிட்ட அளவைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான தூரம் சரியாக வரும். 43 இஞ்சுக்கு ஏறக்குறைய 6 அடி, 55 இஞ்சுக்கு 7½ அடி, 65 இஞ்சுக்கு 9 அடி.

அந்த ஹாலில் டிவிக்கு எதிரே ஜன்னலோ வாசற்கதவோ இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வீட்டில் அதிகம் ஓடுவது என்ன என்பதை எழுதிக்கொள்ளுங்கள்: கேபிள் சீரியலா, நாள் முழுக்கச் செய்தியா, கிரிக்கெட்டா, ஓடிடி படமா. முடிவு பெரும்பாலும் இந்தப் பட்டியலைப் பொறுத்துத்தான் அமையும்.

அடுத்து பென் டிரைவ். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மெட் செய்தால் எல்லா டிவியும் படிக்கும். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. வீடியோக்கள் எச்.264 எம்பி4 ஆக இருப்பது பாதுகாப்பு. அதில் இருக்க வேண்டியவை:

- வெறும் ஒரே நிறப் படங்கள், 1920×1080 அளவில்: முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம், நடுச் சாம்பல் (மூன்று நிற மதிப்பும் 128), மிக அடர்ந்த சாம்பல் (மூன்றும் 13). போனிலுள்ள எந்த போட்டோ எடிட்டரிலும் செய்துவிடலாம்.
- கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சீராக மாறும் ஒரு பட்டைப் படம்.
- கறுப்பு வெள்ளைப் படக் காட்சி ஒரு நிமிடம்.
- இரவுக் காட்சி ஒரு நிமிடம். நெருப்போ தெருவிளக்கோ ஓரத்தில் இருப்பதாக.
- கிரிக்கெட் மைதானம் முழுக்கத் தெரியும், கேமரா பந்தைத் துரத்திப் பக்கவாட்டில் நகரும் காட்சி.
- உங்கள் போனில் நீங்களே 4கேவில், எச்டிஆரை (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை) அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் எடுத்த வீட்டு ஆட்களின் வீடியோ.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். கம்பெனி வீடியோவில் வரும் கிளியின் உண்மையான நிறம் யாருக்கும் தெரியாது. அம்மாவின் முகம் என்ன நிறம் என்பது உங்களுக்குத் தெரியும். முடிந்தால் தலையில் மல்லிகைச்சரம் வைத்தவரைப் பின்பக்கமிருந்து, சரம் பாதித் திரையை அடைக்கும்படி எடுங்கள். எண்ணெய் வைத்த கறுப்பு முடியும் அதன்மேல் வெள்ளைப் பூவும் ஒரே சட்டத்தில் இருப்பதைப் போல டிவியைச் சோதிக்கும் காட்சி வேறு கிடைப்பது அரிது. ஏன் என்பது பின்னால் வருகிறது.

ஆடித் தள்ளுபடி, தீபாவளிக் கூட்டம், ஞாயிறு மாலை இவற்றைத் தவிருங்கள். வார நாளில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போனால் ரிமோட்டும் கிடைக்கும், ஆளும் கிடைப்பார்.

முதல் பத்து நிமிடம்: மோடை மாற்றுவது

“தம்பி, இந்த ரெண்டு டிவியையும் ஹோம் மோடுக்கு மாத்திட்டு, ரிமோட்டை மட்டும் குடுங்க” என்று கேட்டாலே போதும், பெரும்பாலான கடைகளில் தந்துவிடுவார்கள். ஒப்பிடும் டிவிகள் இரண்டு, மிஞ்சினால் மூன்றுக்கு மேல் வேண்டாம். கூடவே நிற்பவர் பல கடைகளில் கடை ஊழியர் அல்ல, ஒரு கம்பெனியின் ப்ரோமோட்டர் என்பதையும் மனதில் வையுங்கள். அவர் காட்டும் ஒப்பீட்டில் அடுத்த கம்பெனி டிவி என்ன மோடில் ஓடுகிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஹோம் மோடுக்கு மாற்றாமல் பிக்சர் செட்டிங்கில் மட்டும் கை வைத்துப் பயனில்லை. ஸ்டோர் மோடில் இருக்கும் டிவி சில நிமிடங்களில் பழைய செட்டிங்குக்கே திரும்பிவிடும். இதைக் கவனிக்காமல், ‘நான் மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது’ என்று முடிவு கட்டுபவர்கள் பலர்.

பிறகு இந்த வரிசையில் போங்கள். பிக்சர் மோடை ‘விவிட்’, ‘டைனமிக்’ என்பதிலிருந்து ‘சினிமா’, ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர் மோட்’டுக்கு மாற்றுங்கள். யுஎச்டி அலையன்ஸ் என்ற தொழில் கூட்டமைப்பு 2019இல் கொண்டுவந்தது ஃபிலிம்மேக்கர் மோட். டிவி தன்பாட்டில் செய்யும் மெருகூட்டல்களை எல்லாம் ஒரே அழுத்தில் அணைத்துவிடும். மற்ற மோடுகளில் நாமே அணைக்க வேண்டும். மின்சேமிப்பையும் அறை வெளிச்சத்தை அளக்கும் சென்சாரையும் அணையுங்கள். இல்லையென்றால் யாராவது முன்னால் வந்து நின்றாலே திரை வெளிச்சம் மாறும். டைனமிக் கான்ட்ராஸ்ட், நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் சமாச்சாரங்கள் எல்லாவற்றையும் அணையுங்கள். கலர் டெம்பரேச்சரை ‘வார்ம்’ ஆக்குங்கள்.

ஷார்ப்னெஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில கம்பெனிகளில் 0தான் நடுநிலை, சிலவற்றில் 50. எண்ணை நம்பாதீர்கள். திரையில் எழுத்து வரும்படி செய்து, எழுத்தின் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று அருகில் போய்ப் பாருங்கள். தெரிந்தால் அது மறையும் வரை குறையுங்கள். அந்தக் கோடு ஒளிபரப்பில் இல்லாதது, டிவி வரைந்தது.

வார்முக்கு மாற்றியதும் படம் மஞ்சளடித்தது போலத் தோன்றும். பக்கத்தில் இருக்கும் டிவிகள் எல்லாம் நீலமாக எரிவதால் வரும் மயக்கம் இது. படம் எடுப்பவர்களும் நிறம் திருத்துபவர்களும் வேலை செய்யும் வெள்ளை 6500 கெல்வின்; இந்த எண் கூடக்கூட வெள்ளையில் நீலம் ஏறும். விவிட் மோடின் வெள்ளை 10,000 கெல்வினையும் தாண்டும். இரு பக்கமும் உள்ள டிவிகளை ஐந்து நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் திரைக்கு நெருக்கமாகப் போய், மற்ற டிவிகள் பார்வையில் படாதபடி நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும். அதன்பின் திரும்பி விவிடைப் பார்த்தால் சட்டையில் நீலம் அதிகம் போட்டது போலத் தெரியும்.

கறுப்பைச் சோதிப்பது

படத் தரத்தில் பாதிக்கு மேல் கறுப்பில் அடங்கியிருக்கிறது. கடை வெளிச்சத்தில் மறைந்துபோவதும் அதுதான். விளக்கு வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பும்போது, நல்ல பேனலின் கறுப்பும் சுமாரான பேனலின் கறுப்பும் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன. இரவில் வீட்டு விளக்கை அணைத்த பிறகுதான் வித்தியாசம் வெளிப்படும். அதற்குள் பில் போட்டு முடிந்திருக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. கடையில் தரும் விளம்பரப் புத்தகத்தை, அடர்ந்த நிறப் பக்கம் உள்ளே வரும்படி குழாயாகச் சுருட்டுங்கள். முழுக் கறுப்புப் படத்தை ஓடவிட்டு, குழாயின் ஒரு முனையைத் திரையைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளிக்கு அருகில் வைத்து, மறுமுனையைக் கண்ணோடு ஒட்டிப் பாருங்கள். வெளி வெளிச்சம் கண்ணிலும் படாது, அந்த இடத்துத் திரையிலும் அதிகம் விழாது. அரை நிமிடம் அப்படியே இருங்கள், கண் இருட்டுக்குப் பழக வேண்டும். பிறகு நான்கு மூலைகளையும் நடுப்பகுதியையும் இதே போலப் பாருங்கள். சாம்பல் பூத்த கறுப்பா, கரிக்கட்டைக் கறுப்பா, மூலையில் மட்டும் வெளிச்சம் கசிகிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டு டிவிகளுக்கும் அடுத்தடுத்துச் செய்தால் வித்தியாசம் துல்லியமாகப் புரியும்.

காரணம் பேனல் வகையில் இருக்கிறது. எல்சிடி டிவிகளில் பரவலாக இருப்பவை விஏ, ஐபிஎஸ் என்ற இரண்டு வகை. ஐபிஎஸ் பேனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1000க்கு 1. விஏ பேனலில் 3000 முதல் 6000க்கு 1 வரை போகும். ஓஎல்இடியில் பேக்லைட்டே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக அணையும். கறுப்பு என்றால் அங்கே ஒளியே இல்லை. பேனல் வகையை அட்டைப்பெட்டியில் அச்சிடுவது அபூர்வம். ஒரே மாடலின் 43 இஞ்ச் ஒரு வகையாகவும் 55 இஞ்ச் வேறு வகையாகவும் வருவது உண்டு. அதனால் இணையத்தில் 55 இஞ்சுக்குப் படித்த விமர்சனத்தை வைத்து 43 இஞ்ச் வாங்காதீர்கள்.

இப்போது மல்லிகைச்சர வீடியோவை ஓடவிடுங்கள். முடியின் இழைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரே கறுப்புத் திட்டாக அடைத்துக்கொண்டால் டிவி இருட்டு விவரங்களை விழுங்குகிறது. பூவின் இதழ் மடிப்பும் தெரிய வேண்டும்; வெறும் வெள்ளைக் கட்டியாக இருந்தால் வெளிச்சப் பக்கம் வெட்டுப்படுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக வந்தால் அந்த டிவியின் அடிப்படை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் குறைந்தால் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட்டை ஓரிரு புள்ளி மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரியாகாத டிவியை விட்டுவிடலாம்.

லோக்கல் டிம்மிங் (பேக்லைட்டைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி) உள்ள டிவி, பேக்லைட்டில் மிகச் சிறிய விளக்குகள் வைத்த மினி எல்இடி டிவி என்றால் இன்னொரு சோதனை. இருட்டான காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வரும்படி செய்யுங்கள். எழுத்தைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் தெரிந்தால், பேக்லைட் பகுதிகளின் எண்ணிக்கை போதவில்லை. எழுத்து வந்தவுடன் திரை முழுக்கப் பளிச்சென்று ஏறி, போனவுடன் இறங்கினால் அது பேக்லைட் முழுவதையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் வெறும் குளோபல் டிம்மிங். பகுதிவாரியாக எதுவும் நடக்கவில்லை.

கிரிக்கெட் மைதானமும் அழுக்குத் திரையும்

சாம்பல் (128) படத்தை முழுத்திரையில் வையுங்கள். நல்ல பேனலில் திரை முழுக்க ஒரே சாம்பலாக இருக்கும். சுமாரானதில் செங்குத்துப் பட்டைகளோ, ஈரக்கையால் துடைத்தது போன்ற திட்டுகளோ தெரியும். பேக்லைட் விளக்குகளின் மேல் இருக்கும் ஒளியைப் பரவச்செய்யும் தாள்களும் பேனலும் எல்லா இடத்திலும் சமமாக இல்லாததால் வருவது இது. நிற்கும் படத்தில் கண்ணுக்குப் படாது. கேமரா நகரும்போது பச்சை மைதானம் ஓட, திட்டு மட்டும் அதே இடத்தில் நிற்கும்; அப்போது ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு எல்லா மேட்சிலும் அதுதான் தெரியும். கிரிக்கெட் பார்க்கும் வீடு என்றால் இந்தச் சோதனையை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

தெரியும் குறை எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். சீரான இடைவெளியில் வரும் பட்டைகளும் வட்டங்களும் அந்த மாடலின் பேக்லைட் அமைப்பில் உள்ளவை. உங்கள் வீட்டுக்கு வரும் டிவியிலும் இருக்கும். ஒழுங்கில்லாத திட்டு, ஓரத்தில் ஒரு கறை போன்றவை பெரும்பாலும் அந்த ஒரு பீஸின் குறை. முதல் வகை இருந்தால் மாடலையே தவிருங்கள். இரண்டாவதை வைத்து மாடலைத் தள்ள வேண்டாம். ஆனால் டெலிவரி ஆனதும் இதே சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

நிறம்

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து தொடங்குங்கள். அதில் எந்த நிறமும் தெரியக் கூடாது. முகங்களில் பச்சையோ, நிழலில் ஊதாவோ, வானத்தில் நீலமோ ஏறினால் அந்த டிவியின் சாம்பல் சமநிலை தவறியிருக்கிறது. அதன் மேல் வரும் எல்லா நிறங்களிலும் அந்தச் சாயல் கலந்தே இருக்கும். இருட்டிலிருந்து வெளிச்சம் வரை ஒரே சாயல் இருந்தால் செட்டிங்கில் ஓரளவு சரிசெய்யலாம். இருட்டில் ஒன்றும் வெளிச்சத்தில் வேறொன்றுமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பிறகு வீட்டு ஆட்களின் வீடியோ. நம் மாநிறமும் கறுப்பு நிறமும் விவிட் மோடில் செங்கல் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ போய்விடும். சினிமா மோடிலும் அப்படியே இருந்தால் கலர் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். முகம் சரியாகும்போது பட்டுப்புடவையும் வாழையிலையும் செத்துப்போனால், அந்த டிவியின் நிறத் துல்லியம் குறைவு. முகம், புடவை, இலை மூன்றும் ஒன்றாகச் சரியாக வர வேண்டும்.

கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும் பட்டைப் படத்தில் படிப்படியாகக் கோடுகள் தெரிந்தால், அந்தி வானமும் மூடுபனியும் வரும் காட்சிகளில் வளையம் வளையமாகத் தெரியும். நெருங்கிப் போய்ப் பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டுத் தூரத்திலிருந்து தெரிகிறதா என்பதுதான் கணக்கு. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: பல ஸ்மார்ட் டிவிகளில் பென் டிரைவ் போட்டோக்கள் ஃபுல் எச்டி அளவிலேயே காட்டப்படுகின்றன. படம் எவ்வளவு கூர்மை என்பதைப் போட்டோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு 4கே வீடியோதான் சரி.

செட்டாப் பாக்ஸைச் சொருகச் சொல்லுங்கள்

4கே டெமோவில் எல்லா டிவியும் அழகுதான். எச்டி அல்லாத சாதாரண எஸ்டி சேனலில்தான் டிவியின் உள்ளே இருக்கும் ப்ராசசரின் தரம் தெரியும். நம் ஊரில் எஸ்டி சேனல் 720×576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம். வருகிற ஒரு புள்ளிக்கு இருபது புள்ளியை டிவி நிரப்ப வேண்டும், பத்தொன்பதும் ஊகம். மலிவான ப்ராசசர் இதைச் செய்யும்போது முகம் மெழுகு போல வழவழப்பாகும், அல்லது எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல இரைச்சல் தெரியும். வீட்டில் எஸ்டி பேக்கேஜ் மட்டும்தான் என்றால், பெரிய 4கே டிவி வாங்கி அதைப் பெரிதாக்கிப் பார்ப்பதை விட எச்டி பேக்கேஜுக்கு மாறுவது படத்தை அதிகம் மேம்படுத்தும். இதைச் சொல்லும் கடை குறைவு.

பாக்ஸ் எச்டிஎம்ஐ கேபிளில் இணைந்திருக்க வேண்டும், மஞ்சள் சிவப்பு வெள்ளை ஏவி கேபிளில் அல்ல. ஒரே பாக்ஸிலிருந்து ஸ்ப்ளிட்டர் வைத்துப் பத்து டிவிக்கு இழுத்திருந்தால், அந்தச் சிக்னலை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். நேராக ஒரு கேபிள் போடச் சொல்லுங்கள். எஸ்டி சேனலைப் பார்க்கும்போது பாக்ஸின் அவுட்புட் 576i என்று இருக்கட்டும், இல்லையென்றால் பெரிதாக்கும் வேலையில் ஒரு பங்கைப் பாக்ஸே செய்துவிடும். எழுத்துப் பட்டையைப் பார்க்கும்போது 1080i (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் சிக்னல்) ஆக்குங்கள்.

முதலில் ஒரு சீரியல், முகங்களைப் பாருங்கள். அடுத்து செய்திச் சேனல். அடியில் ஓடும் எழுத்துப் பட்டையைக் கண்ணால் தொடர்ந்து படியுங்கள். தமிழ் எழுத்தின் சுழிகள் இதற்கு மிக நல்ல சோதனை: ‘ண’, ‘ணை’, ‘ஞ’ ஓடும்போது சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அசைவில் டிவி பின்தங்குகிறது. எழுத்தின் விளிம்பு சீப்புப் பல் போலத் தெரிந்தால் 1080i சிக்னலின் வரிகளைச் சேர்ப்பதில் கோளாறு. பட்டையின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருந்தால் ஓவர்ஸ்கேன் (படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுவது) போட்டிருக்கிறது. பிக்சர் சைஸை ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஃபுல் பிக்சல்’ ஆக்கினால் சரியாகும், இது குறையல்ல.

யூடியூபில் 4கே வீடியோ போட்டுக் காட்டினால், ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதை ஆன் செய்து உண்மையில் எந்த அளவில் ஓடுகிறது என்று பாருங்கள். கடை வைஃபை மெதுவாக இருந்தால் 4கே வீடியோவே 720க்கு இறங்கி ஓடும், பழி டிவி மேல் விழும்.

அசைவு

விளம்பரத்தில் வரும் ‘மோஷன் ரேட் 240’ போன்ற எண்கள் பேனலின் வேகம் அல்ல. விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்பதைச் சொல்வது ஹெர்ட்ஸ். கேட்க வேண்டியது ஒன்றுதான்: “பேனல் நேட்டிவா 60 ஹெர்ட்ஸா, 120 ஹெர்ட்ஸா?” இதிலும் சில 60 ஹெர்ட்ஸ் பேனல்கள் செங்குத்துத் தெளிவைப் பாதியாக்கி 120ஐக் காட்டும், டிஎல்ஜி என்ற சொல் விவரக்குறிப்பில் இருந்தால் அதுதான்.

சினிமாப் படங்கள் விநாடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்). 60 ஹெர்ட்ஸில் ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாகக் காட்டப்படுவதால், கேமரா மெதுவாக நகரும் காட்சியில் விட்டு விட்டு நகர்வது போன்ற நடுக்கம் தெரியும். 120இல் எல்லாச் சட்டமும் ஐந்து முறை, அதனால் சீராகப் போகும். மோஷன் ஸ்மூத்திங் (இடையே டிவியே புதிய சட்டங்களை உருவாக்கிச் சேர்ப்பது) ஆன் செய்தால் நடுக்கம் போகும். ஆனால் பெரிய பட்ஜெட் படமும் சீரியல் போலத் தெரியத் தொடங்கும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் குறைந்த அளவில் வைத்துப் பார்க்கலாம். பந்து மட்டையைத் தாண்டும் இடத்தில் பந்து மறைந்தோ இரண்டாகவோ தெரிந்தால் அந்த டிவியில் அதை அணைத்தே வைக்க வேண்டும்.

தலைவலி வரும் கண் உள்ளவர்கள் பேக்லைட் மினுக்கத்தையும் பாருங்கள். பேக்லைட்டை 30க்கு இறக்கி, முழு வெள்ளைப் படம் வைத்து, போன் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/1000 ஆக்கித் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் விளக்கு அணைந்தணைந்து எரிகிறது. எல்லோரையும் இது பாதிப்பதில்லை.

தரையில் உட்கார்ந்து பாருங்கள்

நம் வீடுகளில் டிவிக்கு நேர் எதிரே உட்காருபவர் ஒருவர் அல்லது இருவர். மற்றவர்கள் ஓரத்தில், தரையில், சாப்பாட்டு மேசையில். டிவியோ சுவரில் உயரமாக. அதனால் 45 டிகிரி பக்கவாட்டில் நின்று முகத்தின் நிறத்தைப் பாருங்கள். குனிந்து கீழிருந்தும் பாருங்கள். விஏ பேனலில் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் நிறம் நிற்கும், கறுப்பு வெளுக்கும். ஓஎல்இடியில் இரண்டுமே பெரிதாக மாறாது. கூட்டுக் குடும்பத்துக்கு அகலமான ஹாலில் ஐபிஎஸ் பரவாயில்லை; இரவில் விளக்கணைத்து நேரே உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு விஏதான்.

டிவியை அணைத்துவிட்டு, திரையில் தெரியும் கடை விளக்குகளையும் பாருங்கள். விளக்கின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் அது கண்ணாடி போன்ற திரை. எதிரே ஜன்னல் உள்ள ஹாலுக்கு ஆகாது.

எச்டிஆர் என்ற ஸ்டிக்கர்

ஸ்டிக்கருக்கு அர்த்தம், அந்த சிக்னலை டிவி ஏற்றுக்கொள்ளும் என்பதுதான். காட்டும் சக்தி வேறு விஷயம். எச்டிஆர் படங்கள் பலவும் 1000 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன; சாதாரண விலை 4கே டிவிகள் 250 முதல் 350 நிட்தான் தருகின்றன. எச்டிஆர் ஓடும்போது பேக்லைட் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும், கூட்ட இடமில்லை. அதனால்தான் பகல் வெளிச்ச ஹாலில் ‘எச்டிஆர் வந்தாலே படம் இருட்டாகிறது’ என்ற புகார் வருகிறது. ஒரே படத்தை எச்டிஆருடனும் இல்லாமலும் ஓடவிட்டுப் பாருங்கள். எச்டிஆரில் தீப்பொறியும் விளக்கும் மட்டும் துள்ளி, மற்றவை அமைதியாக இருந்தால் நல்ல எச்டிஆர். எல்லாமே மங்கினால் அந்த அம்சத்துக்குத் தனியாகப் பணம் தர வேண்டாம். எச்டிஆரின் ஒரு வகையான டால்பி விஷன் வேண்டும் என்பவர்கள், சாம்சங் டிவிகள் அதை ஏற்பதில்லை, அவற்றில் இருப்பது எச்டிஆர்10 பிளஸ் என்ற வேறு வகைதான் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

கியூஎல்இடி என்பது குவான்டம் டாட் அடுக்கு சேர்த்த எல்சிடி. நிறம் கூடும், கறுப்பு தானாக மேம்படாது. ஓஎல்இடிக்குக் கடை வெளிச்சம் அநியாயம் செய்கிறது: அதன் கறுப்பு அங்கே தெரியாது, முழு வெள்ளைத் திரையில் அது தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் நாள் முழுக்க ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம். லோகோவும் எழுத்துப் பட்டையும் நின்ற இடத்தில் காலப்போக்கில் தடம் பதியும்.

டிஸ்ப்ளே பீஸ், டெலிவரி

டிஸ்ப்ளே பீஸ் தள்ளுபடியில் தருகிறோம் என்றால், அது தினமும் கடை நேரம் முழுக்க உச்ச வெளிச்சத்தில் எரிந்த டிவி. எல்சிடி என்றால் சாம்பல், வெள்ளைப் படங்களில் தேய்வு தெரிகிறதா என்று பார்த்து யோசிக்கலாம். ஓஎல்இடி என்றால், சிவப்புப் படத்தையும் சாம்பல் படத்தையும் வைத்துத் தடம் எதுவும் இல்லை என்று உறுதி செய்யாமல் தொடாதீர்கள்.

புதிய டிவி வீட்டுக்கு வந்ததும் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். மாட்ட வருபவர் இருக்கும்போதே அதே பென் டிரைவைச் சொருகி, முதலில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு ஐந்தையும் ஓடவிடுங்கள். மாறாமல் நிற்கும் புள்ளி ஒன்றிருந்தாலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை புள்ளி இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பில் போடும்போதே கேட்டு எழுதி வாங்கியிருப்பது நல்லது. அடுத்து சாம்பல் 128, பிறகு மைதானக் காட்சி. அன்றிரவு விளக்கை அணைத்து சாம்பல் 13 படத்தைப் போட்டு மூலைகளைப் பாருங்கள். இந்தப் படத்தில் தெரியும் லேசான வேறுபாடு எல்லா எல்சிடியிலும் உண்டு. சாதாரண இரவுக் காட்சியிலும் கண்ணை உறுத்தினால் மட்டும் புகார் செய்யுங்கள்.

பகலில் குறை எதுவும் தெரிந்தால், இன்ஸ்டலேஷன் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அதிலேயே எழுதி, போட்டோ எடுத்து, கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரவில் தெரிந்த குறைக்கும் அப்படியே, மறுநாள் காலையிலேயே. மாற்றித் தரும் கெடு சில நாள்தான்; அதற்குள் எழுத்தில் போன புகாருக்குத்தான் மதிப்பு.